மிளகு மணக்கும் நாற்காலி

என்னை இதுவரை எந்த நாயும் கடித்ததில்லை. கடித்திருந்தால் பயத்துக்கு ஒரு காரணமாவது கையில் இருந்திருக்கும். காரணமே இல்லாமல் ஒரு பயத்தை ஐம்பது வயதுவரை கட்டிக் காப்பாற்றுவது எளிதல்ல. நான் காப்பாற்றியிருக்கிறேன்.

நான் மட்டாஞ்சேரியில் மலைச்சரக்குத் தரகன். மிளகு, சுக்கு, ஜாதிக்காய் என்று விற்பவரையும் வாங்குபவரையும் ஒரு இடத்தில் உட்கார வைத்து, இருவர் சார்பிலும் நானே பேசி, வியாபாரத்தை முடித்து வைப்பது என் வேலை. வீட்டிலிருந்து பஜார் ரோட்டுக்கு நேர்வழியில் நடந்தால் ஐந்து நிமிடம். நேர்வழியில் தேநீர்க்கடை வாசலில் ஒரு பழுப்பு நாய் படுத்திருக்கும். அதனால் நான் இரண்டு சந்து சுற்றி, அரிசிக் கிட்டங்கியின் பின்பக்கமாக வந்து, தேநீர்க்கடைக்குப் பக்கவாட்டிலிருந்து கையை நீட்டிச் சாயா வாங்கிக் குடிப்பேன். வருடம் முழுவதும் என் கையில் குடை இருக்கும். கொச்சியில் அது யாருக்கும் விசித்திரமாகத் தெரியாது என்பது இந்த ஊர் எனக்குச் செய்திருக்கும் பெரிய உதவி.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கேதான் இருக்கிறது. ஆனாலும் கடைக்காரச் சேட்டனுக்கு நான் அண்ணாச்சிதான்.

"அண்ணாச்சி, அது உறங்குது. இப்புறம் வந்து மரியாதையா உக்காந்து குடிக்கலாம் கேட்டோ."

"உறங்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? கண்ணை மூடிட்டு யோசிச்சுக்கிட்டு இருக்கலாம் இல்லையா?"

"எதைப் பத்தி யோசிக்கும்?"

"என் காலைப் பத்தி."

சேட்டன் சிரிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். பயத்தை நகைச்சுவையாக மாற்றிவிட்டால் அதற்கு மருத்துவம் பார்க்க வேண்டியதில்லை என்பது என் கொள்கையாக இருந்தது. என் வீட்டில் ஒரு கோப்பு உண்டு; அதில் நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடிய நாட்களில் எடுத்த ஈசிஜி தாள்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் நார்மல். தைத்து அட்டை போட்டால் ஒரு புத்தகம் தேறும்.

இந்தக் கொள்கை என் மகள் விஷயத்தில் வேலை செய்யவில்லை.

அவளுக்கு அப்போது எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. வீட்டில் வாய் ஓயாது. தமிழில் ஆரம்பித்து, மலையாளத்தில் சண்டை போட்டு, திரும்பத் தமிழில் வந்து முடிப்பாள். வீட்டுப் படியைத் தாண்டினால் ஒரு வார்த்தை வராது. பள்ளியில் இரண்டு வருடமாக ஒரு சொல்கூடப் பேசியதில்லை. வகுப்பு டைரியில் ஆசிரியை "மிகவும் அடக்கமான குழந்தை" என்று எழுதி அனுப்புவார். அதை நாங்கள் பாராட்டு என்று நினைத்து, மாமனார் வீட்டுக்கெல்லாம் போன் செய்து வாசித்துக் காட்டியிருக்கிறோம்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் எழுந்து நின்று ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகக் கேட்க வேண்டும். "மிஸ், மே ஐ கோ டு தி டாய்லெட் ப்ளீஸ்." நாங்கள் படித்த காலத்தில் சுண்டுவிரலைத் தூக்கினால் போதும். இப்போது விரலுக்கு மதிப்பில்லை. ஒரு நாள் மதியம் என் மகள் பெஞ்சிலேயே நனைத்துக்கொண்டாள். அந்த முழு வாக்கியம் வரவில்லை, அவ்வளவுதான். வகுப்பு சிரித்தது. ஆட்டோவில் அழைத்து வரும்போது புத்தகப் பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு வேடிக்கை சொன்னேன். என்ன வேடிக்கை என்று நினைவிருக்கிறது. இங்கே எழுத மனம் வரவில்லை.

மறுநாளிலிருந்து அவள் காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். பாட்டில் நிறைந்து போகும், நிறைந்தே திரும்பி வரும்.

அதற்குப் பிறகு என் மனைவி என்னிடம் எதையும் கேட்கவில்லை. அவள் எறணாகுளத்தில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை செய்கிறாள். பதட்டமான மனிதர்களை நாற்காலியில் உட்கார வைப்பது அவளுக்குக் கைவந்த கலை.

"ஒரு இடம் விசாரிச்சிருக்கேன். குழந்தைங்களோட வெளையாடியே சரி பண்றாங்களாம். மட்டாஞ்சேரியிலதான், பழைய அரிசிக் கிட்டங்கி மாடியில. சனிக்கிழமை எனக்கு லீவு கிடையாது. நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்."

"போறேன். யாரு, டாக்டரா?"

"ஒரு தெரபிஸ்ட் அம்மா. கூட ஒரு உதவியாளும் உண்டு. ரெண்டு பேரும் ரொம்ப அமைதியாம்."

அந்த உதவியாளுக்கு நான்கு கால் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

மாடிப்படி ஏறிக் கதவைத் திறந்தேன். அறை நடுவில் ஒரு பாய். பாயின் மேல் வெண்ணெய் நிறத்தில், என் மகளைவிட எடை கூடுதலான ஒரு லாப்ரடார். நான் கதவை மூடினேன். வெளியிலிருந்துதான். பிறகுதான் மகளை உள்ளே விட்டுவிட்டேன் என்பது உறைத்தது. தகப்பன் என்ற முறையில் திரும்ப உள்ளே போனேன். குடையை விரித்து முன்னால் பிடித்துக்கொண்டு போனேன்.

தெரபிஸ்ட் முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண். கோயம்புத்தூரில் படித்தவர். அவருடைய தமிழ் கோயம்புத்தூரில் ஏறி மட்டாஞ்சேரியில் இறங்கியது போல இருக்கும். முதலில் ஒரு விஷயம் சொன்னார். இந்த அறையில் நடப்பதை வெளியே பெயர் வைத்துப் பேசக் கூடாது.

"நாயின் பேரும் அதுல சேருமா?" என்று கேட்டேன்.

"சேரும்" என்றார், சிரிக்காமல். அதனால் நாயின் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. நல்ல பெயர்தான்.

பிறகு ஒரு படிவத்தை எடுத்தார். "குடும்பத்துல வேற யாருக்காவது பதட்டம், பயம் மாதிரி உண்டா?"

"இல்ல" என்றேன். குடை இன்னும் விரிந்துதான் இருந்தது. அவர் குடையைப் பார்த்தார். ஏதோ எழுதினார்.

மகளைப் பார்த்து, "மோளுக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்றார்.

"நீலம்" என்றேன் நான்.

"இட்லியா தோசையா?"

"தோசை. ஓரம் முறுகலா இருக்கணும்."

"ஸ்கூல்ல யாரு ஃப்ரெண்ட்?"

"அப்படிக் குறிப்பா யாரும்..." என்று ஆரம்பித்தபோது அவர் பேனாவை மூடினார்.

"அச்சனோட தொழில் என்ன?"

"தரகு."

"அதான்" என்றார். "இங்க மட்டும் லீவு எடுங்க. மோளுக்குப் பதிலா பேசக் கூடாது. ஏம் பேசலேன்னு கேக்கக் கூடாது. பேசினா ஆஹான்னு கொண்டாடவும் கூடாது. அந்த மூலையில ஒரு நாற்காலி மாதிரி இரிக்கணும். அது மதி, அது போதும்."

நான் பேசிப் பிழைப்பவன். விற்பவர் வாய் திறக்குமுன் அவர் விலையைச் சொல்லி, வாங்குபவர் மூக்கைச் சுளிக்குமுன் அவர் குறையையும் சொல்லி, இரண்டு பேருக்கும் மிச்சமாகச் சாயாவை மட்டும் வைப்பவன். என்னை நாற்காலியாக இருக்கச் சொன்னார்கள். நாற்காலிக்காவது நான்கு கால் உண்டு. எனக்கு இருந்த இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

அந்த நாய் என்ன செய்கிறது என்றால், பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. அதற்குத்தான் அதற்குப் பயிற்சி. "பெரியவங்க எல்லாரும் கேள்வி கேட்டு, பதிலுக்குப் புருவத்தைத் தூக்கிட்டுக் காத்திருப்போம். குழந்தைக்கு அந்தப் புருவம்தான் பயம். இவ கேக்க மாட்டா, காத்திருக்கவும் மாட்டா. சும்மா கூட இருப்பா" என்று விளக்கினார். இரண்டு விதிகள். நாயிடம் எப்போது போவது என்பதைக் குழந்தைதான் முடிவு செய்யும். நாய்க்கு வேண்டாம் என்று தோன்றினால் கதவோரம் ஒரு சிவப்பு விரிப்பு இருக்கிறது, அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். அப்போது யாரும் அதைக் கூப்பிடக் கூடாது. எனக்கும் ஒரு சிவப்பு விரிப்பு கிடைக்குமா என்று கேட்க நினைத்தேன். நாற்காலி கேட்காது.

முதல் சனிக்கிழமை என் மகள் பொம்மைப் பெட்டியில் இருந்த யானைகளை எடுத்து வரிசையாக நிறுத்தினாள். நாய் பார்த்துக்கொண்டிருந்தது. நான் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் முடிந்தது.

இரண்டாவது சனிக்கிழமை தெரபிஸ்ட் நாய்க்குச் செய்யும் சைகைகளைக் காட்டினார். உள்ளங்கையைத் தரையைப் பார்த்துத் தாழ்த்தினால் நாய் படுக்கும். விரலை மேலே சுண்டினால் உட்காரும். வாய் திறக்கவே வேண்டாம். என் மகள் உள்ளங்கையைத் தாழ்த்தினாள். அத்தனை பெரிய உடம்பு அப்படியே பாயில் படுத்தது. அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு உட்கார வைத்தாள். படுக்க வைத்தாள். இருபது முறையாவது இருக்கும். நாய்க்கு ஒரு சலிப்பும் இல்லை. என்னை யாராவது அப்படிச் செய்தால் யூனியனைக் கூப்பிடுவேன்.

மூன்றாவது வாரம்தான் அது நடந்தது.

தரகர்களின் சட்டைப்பையில் எப்போதும் சாம்பிள் பொட்டலம் இருக்கும். காலையில் கிட்டங்கியில் மூட்டையைக் குத்தி எடுத்த ஒரு பிடி மிளகு, காகிதத்தில் மடித்து. வாங்குபவர் கேட்டதும் பிரித்துக் காட்ட வேண்டும், உடைத்து மோந்து பார்க்கக் கொடுக்க வேண்டும். அன்று வியாபாரம் முடியத் தாமதமாகி, நேராகக் கிட்டங்கியிலிருந்தே தெரபிக்குப் போய்விட்டேன். நாய் அறையைச் சுற்றி ஒரு நடை போனது. நாற்காலிகளை மோந்து பார்த்தது. மூலையில் இருந்த கடைசி நாற்காலியின் பக்கம் வந்தது.

எனக்கு அந்த மாதிரி நேரங்களில் கை தானாக நெஞ்சுக்குப் போகும். போனது. அழுத்திய அழுத்தில் பொட்டலம் கிழிந்தது. மிளகும் மிளகுத் தூசியும் என் சட்டையிலிருந்து நாயின் மூக்கில் நேரடியாக இறங்கின.

நாய் தும்மியது. சாதாரணத் தும்மல் இல்லை. நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பின. தும்மிவிட்டு, யார் தும்மியது என்பதுபோலப் பின்னால் திரும்பிப் பார்த்தது. மறுபடி தும்மியது. நான் சுவரோடு சுவராக நின்று, குடையைக் கேடயமாகப் பிடித்து, ஏனோ "சாரி, சாரி" என்று மூன்று மொழியிலும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் மகள் சிரித்தாள். வீட்டில் சிரிக்கும் அதே சிரிப்பு. யானை கையிலிருந்து விழுந்தது. சிரித்துக்கொண்டே நாயின் முகத்தைத் தன் பாவாடை நுனியால் துடைத்துவிட்டு, "பாவம்டி நீ. அது மிளகு. அப்பாவோட மிளகு" என்றாள்.

வீட்டுக்கு வெளியே, அந்நியர் ஒருவர் இருக்கும் அறையில், என் மகள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை. நாயிடம்தான். இருந்தாலும் சத்தமாக.

தெரபிஸ்ட் ஒன்றும் நடக்காததுபோல ஈரத்துணி எடுத்துக் கொடுத்தார். நானும் ஒன்றும் நடக்காததுபோல நின்றேன். வெளியே வந்ததும் ஆட்டோவுக்குக்கூடக் காத்திருக்காமல் நடந்தேன். மனதுக்குள் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன். இத்தனை படித்தவர்கள் செய்ய முடியாததை ஒரு பொட்டலம் மிளகு செய்துவிட்டது.

கோமாளிகளுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் இருப்பவர் ஒருமுறை சிரித்துவிட்டால் அதே வேடிக்கையை அடுத்த வாரமும் கொண்டு வருவார்கள்.

நான்காவது சனிக்கிழமை காலையில் என் மகள் சமையலறையில் தோசை தின்றுகொண்டிருந்தாள். நான் நல்ல காரமான மிளகாகப் பார்த்து எடுத்து, உரலில் லேசாகத் தட்டி, சட்டைக் கைமடிப்புக்குள் தூவிக்கொண்டேன். பையில் ஒரு பொட்டலமும் வைத்தேன். அவள் பார்த்தாள். நான் கண்ணடித்தேன். நாங்கள் இருவரும் கூட்டாளிகள் என்று எனக்கு நினைப்பு. அவள் திரும்பக் கண்ணடிக்கவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை என்று எழுதினால் பொய். கவனித்தேன். தோசையில் கவனம் போலிருக்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

அன்று நாய் ஒருமுறை தும்மியது. இரண்டாவது தும்மலில் கண்ணில் நீர் வழிந்தது. மூன்றாவது வரவே இல்லை. முன்னங்காலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டே பின்வாங்கிக் கதவோரத்துச் சிவப்பு விரிப்பில் போய்ப் படுத்துவிட்டது. யாரும் கூப்பிடக் கூடாது. ஒரு மணி நேரத்தில் மிச்சம் ஐம்பது நிமிடம் இருந்தது. என் மகள் பாயில் தனியாக உட்கார்ந்து, உள்ளங்கையைத் தாழ்த்தி, தூக்கி, தாழ்த்தி, எதிரில் யாரும் இல்லாமல் சைகை செய்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெரபிஸ்ட் ஈரத்துணியால் நாயின் முகத்தைத் துடைத்தார். "இவளுக்கு மூக்குதான் கண்ணு" என்றார், என்னைப் பார்க்காமல். பிறகு பார்த்து, "இன்னிக்கும் மறந்து போச்சா?"

"ஆமா மேடம். தொழில் பாருங்க, சட்டையிலேயே ஒட்டிக்குது."

என் மகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். பிறகு யானைகளை எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினாள்.

அதற்குப் பிறகு அவள் அந்த அறையில் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமையும் இல்லை. நாய் பக்கத்தில் வந்து படுத்தும் இல்லை. இது எனக்குப் புரிந்தது. எனக்குப் புரியாதது வீட்டில் நடந்தது. அவள் அம்மாவிடம் பேசினாள், போனில் மாமாவிடம் பேசினாள், ஜன்னலில் வந்த பூனையிடம் பேசினாள். என்னிடம் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் மட்டும் இருந்த அந்த மௌனம் என்னைத் தேடி வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒரு இரவு சாப்பாட்டின்போது தாங்க முடியாமல் பூனை மாதிரி, ஆட்டோ மாதிரி, பல் டாக்டர் மாதிரி எல்லாம் செய்து காட்டினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, உள்ளங்கையை மெதுவாகத் தரையை நோக்கித் தாழ்த்தினாள்.

நான் உட்கார்ந்தேன்.

"என்ன பண்ணீங்க அவளை?" என்றாள் மனைவி, குழந்தை தூங்கப் போன பிறகு. சொன்னேன். "வாயில்லாத ஜீவன் ரெண்டு பேரை ஒரே பொட்டலத்துல ஏமாத்திட்டீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். தண்ணீர் பாட்டில் அன்றும் நிறைந்தே வந்திருந்தது. மேசையில் இருந்தது.

மறுநாள் தெரபிஸ்டுக்குப் போன் செய்தேன்.

"மேடம், அது மறதி இல்ல. வேணும்னே போட்டேன்."

"எனக்குத் தெரியும். மிளகு தானா கைமடிப்புக்குள்ள ஏறாது."

"இப்ப என்ன செய்யட்டும்?"

"சொல்லணும். என்கிட்ட இல்ல. மோள்கிட்ட. பின்ன இவகிட்ட."

"நாய்கிட்டயா? நாய்க்கு மன்னிப்புக் கேட்டா புரியுமா?"

"நாய்க்குப் புரியாது. மோளுக்குப் புரியும். பக்கத்துல உக்காந்து கேக்கணும், கேட்டோ. குடை வேண்டாம்."

அந்த வாரம் முழுவதும் பயிற்சி எடுத்தேன். கண்ணாடி முன் நின்று இரண்டு வாக்கியம். "உனக்குக் கஷ்டம் குடுத்துட்டேன். இனி செய்ய மாட்டேன்." மிளகு வியாபாரத்தில் இதைவிடப் பெரிய சிக்கல்களை இதைவிடக் குறைந்த சொற்களில் தீர்த்திருக்கிறேன். சனிக்கிழமை காலை சந்தைக்குப் போகவில்லை. இரண்டு முறை தேய்த்துக் குளித்தேன். முப்பது வருட மிளகு இரண்டு குளியலில் போகுமா என்று சந்தேகமாக இருந்ததால் மூன்றாவது முறையும் குளித்தேன். மனைவி பை இல்லாத ஒரு மஞ்சள் டீ ஷர்ட் வாங்கி வைத்திருந்தாள். போட்டதும் பழுத்த பப்பாளி மாதிரி இருந்தேன். மகள் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆனால் ஆட்டோவில் ஓரமாக நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

வழியிலேயே அவளிடம் முதல் பாதியைச் சொன்னேன். "அன்னிக்கு மறந்து போச்சுன்னு சொன்னது பொய். நீ பார்த்த."

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். பார்த்தேன் என்பதற்கான தலையாட்டல். பரவாயில்லை என்பதற்கு இல்லை.

மாடி அறையில் பாயின் மேல் உட்கார்ந்தேன். நாய்க்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம். கைப்பிடிக்கக் குடை இல்லை. அழுத்தச் சட்டைப்பையும் இல்லை. வாயைத் திறந்தேன்.

வரவில்லை.

எனக்கு அந்தப் பயம் வரும் வரிசை நன்றாகத் தெரியும். முதலில் உள்ளங்கை ஈரமாகும். பிறகு காதுக்குள் ஒரு அரவை மிஷின் ஓடும். பிறகு முழங்கால் என்னுடையது இல்லை என்று ஆகிவிடும். ஆனால் இந்த முறை ஒரு புதுச் சரக்கும் சேர்ந்து வந்தது. தொண்டையில் அந்த இரண்டு வாக்கியமும் இருந்தன. வரிசையாக, ஒழுங்காக, ஒரு எழுத்துக்கூட மறக்காமல். மேலே வர மறுத்தன. மூன்று மொழியில் பேசிப் பிழைக்கும் மனிதன், வாய் திறந்தபடி, மஞ்சள் டீ ஷர்ட்டில், ஒரு நாயின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

நாய் எழுந்தது. ஒரு முழத்தைக் கடந்து வந்தது. என் கையை மோந்தது, முழங்கையை மோந்தது. அறையில் எல்லாரும் தும்மலுக்குக் காத்திருந்தோம். வரவில்லை. அது ஒருமுறை சுற்றித் திரும்பி, முதுகை என் மார்பில் சாய்த்து, முழு எடையோடு உட்கார்ந்துகொண்டது. அறையில் யாருக்குப் பதட்டம் அதிகமோ அவரிடம் போய்ச் சாய்வதுதான் அதன் வேலை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அத்தனை வாரமும் அது என்னைத் தேடித்தான் வந்துகொண்டிருந்திருக்கிறது.

என் மகள் எழுந்து வந்தாள். குனிந்து என் வாயைப் பார்த்தாள், பிறகு தொண்டையைப் பார்த்தாள். தன் கழுத்தில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்க நிக்குதாப்பா?"

தலையாட்டினேன்.

"உள்ள இருக்கு, ஆனா வர மாட்டேங்குது. அப்படித்தான?"

தலையாட்டினேன்.

"தள்ளாதீங்க. தள்ளினா இன்னும் உள்ள போயிடும். எனக்குத் தெரியும்."

பதினான்கு நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அது. பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். நேராகத் திரும்பி, இதுவரை தான் ஒரு சொல்கூடப் பேசியிராத தெரபிஸ்டைப் பார்த்து, கொஞ்சம் கோபமாகவே சொன்னாள்:

"மிஸ், இவருக்கு வாய் வரல. கை காட்டினா போதும்னு சொல்லுங்க."

என் சார்பில் அவள் பேசினாள். தரகு எங்கள் ரத்தத்தில் இருக்கிறது.

தெரபிஸ்டின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இவருக்கும் அந்த நாய்க்கும் ஒரே இடத்தில் பயிற்சி கொடுத்திருப்பார்கள். "ஓ, அது மதி" என்றார். "கை காட்டினா மதி."

என் மகள் என் வலது கையைப் பிடித்து நாயின் கழுத்தில் கொண்டுபோய் வைத்தாள். நான் என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு நாயைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு இதயம், என்னுடையதைவிட மிகவும் நிதானமாக, அடித்துக்கொண்டிருந்தது. கையை எடுக்கவில்லை. தைரியத்தால் இல்லை; எடுத்தால் அசையும், அசைந்தால் அது திரும்பும்.

"வாய் வராத யாருக்கும் கை மதியா?" என்று தெரபிஸ்ட் சாதாரணமாகக் கேட்டார், யானைகளை அடுக்கிக்கொண்டே.

"யாருக்கும்" என்றாள்.

"ஸ்கூல்லயும்?"

இந்த இடத்தில் வழக்கமாக நான் பதில் சொல்லியிருப்பேன். நாயின் கழுத்தில் கையும், தொண்டையில் அந்த இரண்டு வாக்கியமும் இருந்ததால் முடியவில்லை. என் மகள் நாயின் காதை மடித்தாள், விரித்தாள். பிறகு தலையாட்டினாள்.

தெரபிஸ்ட் மறுவாரமே பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியையைப் பார்த்தார். ஆசிரியை கெட்டவர் இல்லை. முழு வாக்கியம் சொன்னால் ஆங்கிலம் வரும் என்று நம்பியவர். பெஞ்சில் உள்ளங்கை கீழே பார்க்கும்படி கையை விரித்து வைத்தால் போகலாம் என்று பேசி முடித்தார்கள். நாய்க்கான 'படு' சைகை, மூன்றாம் வகுப்பில் கழிப்பறைக்குப் போகும் சைகையானது. முதல் வாரம் அவள் கையை வைக்கவில்லை. இரண்டாம் வாரம் ஒருமுறை வைத்தாள். பிறகு வகுப்பில் வேறு நாலைந்து குழந்தைகளும் கையை வைக்க ஆரம்பித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். தண்ணீர் பாட்டில் பாதியாகத் திரும்பி வந்தது. என் மனைவி அதைக் கழுவும்போது வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள், ஏதோ எக்ஸ்ரே பார்ப்பதுபோல.

மழை தொடங்கிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளியிலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தேன். குடைக்குள் இருந்தபடியே, மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"இன்னிக்கு மிஸ் போர்டுல எழுதிட்டே இருந்தாங்க. திரும்பவே இல்ல. நான் கை வச்சிட்டே இருந்தேன்."

நான் நாற்காலி. நாற்காலி ஒன்றும் கேட்காது. கஷ்டப்பட்டு நடந்தேன்.

"அப்புறம் சொல்லிட்டேன்."

இரண்டு எட்டு நடந்தேன். மூன்றாவது எட்டில் நாற்காலி உடைந்தது. "என்ன சொன்ன?"

"மிஸ், டாய்லெட்."

"முழு வாக்கியமா சொல்லலியா?"

"அவசரம்ப்பா" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

"எல்லாரும் பார்த்தாங்களா?"

"மிஸ் சரின்னாங்க. அவங்க எழுதிட்டே இருந்தாங்க."

அவ்வளவுதான் நடந்தது. இத்தனை மாதமாக எங்கள் வீட்டை உட்கார விடாத ஒரு விஷயம் முடிந்தபோது, போர்டில் யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பேச்சு வாக்கில் சுற்று வழியை விட்டுவிட்டு நேர்வழியில் வந்துவிட்டோம் என்பதைத் தேநீர்க்கடை வாசலில்தான் கவனித்தேன். பழுப்பு நாய் தாழ்வாரத்துக்குக் கீழே நனையாமல் படுத்திருந்தது. சேட்டன் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். என்னைக் கிண்டல் செய்ய நல்ல சந்தர்ப்பம், ஆனால் அவர் குழந்தையைப் பார்த்து, "மோளே, பிஸ்கட் வேணோ?" என்றார்.

பல வருடமாகக் கேட்கிற கேள்வி. பல வருடமாக "ஒண்ணு குடுங்க சேட்டா" என்று நான்தான் பதில் சொல்லியிருக்கிறேன். அன்றும் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். மழை பெய்துகொண்டிருந்தது. சேட்டன் பிஸ்கட் பாட்டில் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் புருவத்தைத் தூக்கவில்லை. பால் பொங்குகிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ரெண்டு" என்றாள் என் மகள். "ஒண்ணு அதுக்கு."

அது ஒரு கண்ணைத் திறந்தது.